விளக்குக்காரியின் கையெட்டும் தூரம்

12 ஆகஸ்ட் 2024, திங்கள்

இடது காலில் மாவுக்கட்டு. ஆறு வாரம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். பரிசோதனைக் கூடத்து மாடிப்படியில், ரத்தக் குப்பிகள் அடுக்கிய தட்டோடு வழுக்கி விழுந்தேன். ஒரு குப்பிகூட உடையவில்லை என்று எல்லோரும் மெச்சினார்கள். கால் உடைந்ததை அப்புறம்தான் கவனித்தார்கள்.

வெளியே தார்வாட் மழை. அத்தை பக்கத்து அறையில் சீரியல் பார்க்கிறார். நான் கூரையைப் பார்க்கிறேன்.

14 ஆகஸ்ட், புதன்

பழைய கணினியை என் கணவர் சிவானந்த் பரண்மேலிருந்து இறக்கித் தந்தார். "திரும்பவும் அந்தப் பேய் விளையாட்டா?" என்று மட்டும் கேட்டார்.

இன்னும் இருக்கிறது. கடவுச்சொல் எனக்கு மறந்துவிட்டது, விரல்களுக்கு மறக்கவில்லை.

எவ்வளவு ஞாபகம் இருக்கிறது என்று எழுதிப் பார்க்கிறேன். நான்கு பேர் ஓடுவார்கள். ஒருத்தி துரத்துவாள். நால்வரும் ஐந்து எந்திரங்களைச் சரிசெய்து கதவைத் திறந்துவிட்டால் தப்பினார்கள். அதற்குள் அடித்து வீழ்த்தித் தூக்கிப்போய்க் கொக்கியில் மாட்டினால் துரத்துகிறவள் ஜெயித்தாள். துரத்த இருபது முப்பது பேர் உண்டு, நமக்குப் பிடித்தவரை எடுத்துக்கொள்ளலாம். ஒருவன் தூரத்திலிருந்து கோடாலி எறிவான். ஒருவன் சுவருக்குள் புகுந்து வருவான். ஒருத்தி கண்ணி வைப்பாள்.

என்னுடையவள் விளக்குக்காரி, ஒரு கிழவி. கையில் லாந்தர், இன்னொரு கையில் அரிவாள். லாந்தரை ஊதி அணைத்தால் சில நொடிகள் யார் கண்ணுக்கும் தெரியமாட்டாள். ஆனால் திரும்ப ஏற்றாமல் அடிக்க முடியாது. அடி என்பது வெறும் கைவீச்சுதான். எறிய ஒன்றுமில்லை, பாய வழியில்லை. ஆள் கையெட்டும் தூரத்தில் இருந்தாக வேண்டும்.

16 ஆகஸ்ட், வெள்ளி

மூன்று ஆட்டம். மூன்றிலும் நால்வரும் தப்பினார்கள். கதவருகே நின்று குதித்துக் காட்டிவிட்டுப் போனார்கள்.

17 ஆகஸ்ட், சனி

இன்று முழுக்க, ஈரண்ணா கணினி விளையாட்டுக் கடை நடத்திய மாடியின் ஞாபகம். சப்தாபூரில், நகலெடுக்கும் கடைக்கு மேலே, ஐந்து கணினிகள். எல்லாம் கல்லூரிப் பையன்கள். நடுவில் முப்பதைத் தாண்டிய இரண்டு பெண்கள் — நாலு மணி ஷிப்ட் முடித்து நான், கோச்சிங் சென்டரில் கணக்குப் பாடம் நடத்திவிட்டுப் புடவையில் சாக்பீஸ் தூளோடு மேதா. முதல் மாதம் பையன்கள் கிண்டல் செய்தார்கள். இரண்டாம் மாதம் மேதா எந்த அணி என்று அடித்துக்கொண்டார்கள். அவள் ஓடினால் மற்ற மூவருக்கும் விடுமுறை. நான் அவள் பின்னாலேயே சுற்றிக்கொண்டிருப்பேன், அவர்கள் நிதானமாக எந்திரம் பார்ப்பார்கள்.

பொட்டலத்தில் கிர்மிட் பொரி, மிளகாய் பஜ்ஜி. ஈரண்ணா பின்னாலேயே துணியோடு அலைவான். "கையத் துடைச்சிட்டுத் தொடுங்கக்கா. கீபோர்டே எண்ணெய்ல பொரியுது."

மேதா சொல்வாள்: "காலையில ஊர் ரத்தத்தையெல்லாம் எடுக்கறே. சாயந்திரம் எங்க ரத்தம். உனக்குப் போதவே போதாதா நீலி?"

நீலாம்பிகா என்ற என் பெயரை நீலி ஆக்கியவள் அவள் ஒருத்திதான்.

"ஏண்டி இந்தக் கிழவியவே எடுக்கறே? கோடாலிக்காரன எடேன். நின்ன எடத்துலேருந்தே அடிக்கலாம்."

"எறியறவனுக்கு எதிர்ல ஓடறது யாருன்னு தெரியவேண்டாம். எனக்குத் தெரிஞ்சாகணும்."

பெருமைக்குச் சொன்னதில்லை. அது உண்மை. வெறுங்கையால் பிடிக்கிறவள் ஓடுகிறவளை மனப்பாடம் செய்தாக வேண்டும். மேதா ஜன்னலை இரண்டு முறை தாண்டுவாள், மூன்றாம் முறை தாண்டுவதுபோல் தோளைக் காட்டிவிட்டு வந்த வழியே திரும்புவாள். வழியை அடைக்கும் பலகையைக் குறுக்கே சாய்க்க, லாந்தர் முதுகில் உரசும்வரை காத்திருப்பாள். சாய்த்துவிட்டு, அந்தப் பக்கம் நின்று இரண்டு முறை உட்கார்ந்து எழுந்து கும்பிடு போடுவாள். அவள் எப்போது மூச்சு விடுகிறாள் என்பதுகூட எனக்குத் தெரியும் என்று நினைத்திருந்தேன்.

21 ஆகஸ்ட், புதன்

பதினோரு மணிக்கு ஓர் ஆட்டம். கிணறு இருக்கும் அந்தப் பழைய களம். ஓடியவர்களில் ஒருவர் பெயர் மாவின்காய்22.

ஜன்னலை இரண்டு முறை தாண்டினாள். மூன்றாம் முறை தோளைக் காட்டினாள். நான் அந்தப் பக்கம் போய்விட்டேன் — ஐந்து வருடத்துக்கு முன் செய்த அதே முட்டாள்தனம். அவள் வந்த வழியே திரும்பிப் பலகைக்குப் போய், லாந்தர் முதுகில் படும்வரை நின்று, சாய்த்தாள். அப்புறம் இரண்டு முறை உட்கார்ந்து எழுந்தாள்.

மாவுக்கட்டைத் தரையில் இடித்துக்கொண்டேன்.

மேதாவா?

24 ஆகஸ்ட், சனி

மூன்று நாள் தொடர்ந்து பதினோரு மணிக்கு உட்கார்ந்தேன். இன்று மறுபடி மாவின்காய். அவளேதான். விட்டுக்கொடுக்கலாமா என்று நினைத்தேன். விட்டால் அவளுக்குத் தெரிந்துவிடும், கோபம் வரும். உள்ளதை உள்ளபடி துரத்தினேன். நான்கு நிமிடம். கடைசியில் பிடித்தேன். சந்தோஷமாக இருந்தது. எத்தனை நாளாயிற்று.

ஆட்டம் முடிந்ததும் செய்தி எழுதும் பெட்டி வந்தது. "மேதா" என்று தட்டினேன். அனுப்பவில்லை.

25 ஆகஸ்ட், ஞாயிறு

அன்றைக்கு நடந்ததை எங்கேயும் எழுதியதில்லை. இங்கேயும் இன்றுவரை இல்லை.

2019 ஜூன். மழை. மாலை ஆறு இருக்கும். மேதா வாசலில் நின்றாள், கையில் ஒரு துணிப்பை. உள்ளே வந்து உட்காரவில்லை. "அனிருத்தோட இனிமே இருக்க முடியாது நீலி. ஒரு வாரம் இங்க இருக்கட்டுமா? அதுக்குள்ள எடம் பாத்துக்கறேன்" என்றாள். இடது கன்னம் வீங்கியிருந்தது. பல்வலியா என்று நான் கேட்டேன். பல்வலியா என்று கேட்டேன்!

அவள் கணவன் அனிருத்துக்கும் சிவானந்துக்கும் ஒரே அலுவலகம். ஒரே மேசை வரிசை. நாளைக்கு அவன் இங்கே வந்து கத்தினால், அலுவலகத்தில் பேசினால் — இதெல்லாம் ஒரே நொடியில் மனதில் ஓடியது. "அத்தை இருக்காங்கடி. அவங்களுக்கு இதெல்லாம் பிடிக்காது. ரெண்டு நாள் வீட்டுக்குப் போய்ப் பொறுத்துப் பாரேன், சரியாயிடும்" என்றேன்.

அத்தை அந்த வாரம் கதக் ஊரில் இருந்தார்.

"சரி" என்றாள். குடையை விரித்தாள். போனாள்.

அப்புறம் மாடிக்கு வரவில்லை. போனை எடுக்கவில்லை. நானும் மூன்று முறைக்குமேல் அடிக்கவில்லை. மூன்று முறை போதும் என்று எனக்கு எப்படித் தோன்றியது? கொஞ்ச நாளில் அனிருத்துக்கு மாற்றலாயிற்று. அவள் அவனை விட்டுப் போய்விட்டாள் என்று சிவானந்த் ஒருநாள் சாப்பிடும்போது சொன்னார். நான் இன்னொரு ரொட்டி போட்டேன்.

27 ஆகஸ்ட், செவ்வாய்

கஞ்சி கொண்டுவந்த அத்தை திரையைப் பார்த்தார். "இதத்தானே அந்த மேதா பொண்ணோட ஆடுவே? ஏன் அவ வர்றதே இல்ல? நல்லா சாப்பிடற பொண்ணு."

கஞ்சியை மேசையோரம் தள்ளி வைத்தேன்.

30 ஆகஸ்ட், வெள்ளி

ஈரண்ணாவுக்குப் போன் செய்தேன். மாடி, ஊரடங்கோடு போயிற்று. இப்போது குளியலறை ஓடுகள் விற்கிறான்.

"மேதாக்கா நம்பரா? இருக்கு. பெல்காம்ல ஸ்கூல் டீச்சர். போன வருஷம் ஓடு வாங்க வந்தாங்க." பிறகு, "உங்களுக்குச் சொல்லலாமான்னு கேட்டுட்டுச் சொல்றேன்க்கா. தப்பா எடுத்துக்காதீங்க."

தப்பாக எடுத்துக்கொள்ள என்ன இருக்கிறது.

2 செப்டம்பர், திங்கள்

ஈரண்ணா எண்ணை அனுப்பினான். "குடுன்னுட்டாங்க. வேற ஒண்ணும் சொல்லல" என்று எழுதியிருந்தான்.

5 செப்டம்பர், வியாழன்

இன்றும் கூப்பிடவில்லை.

8 செப்டம்பர், ஞாயிறு

நேற்றுப் பிள்ளையார் வந்தார். உட்கார்ந்தபடியே நூறு கொழுக்கட்டை பிடித்தேன். காலையில் மாவின்காயோடு ஓர் ஆட்டம், கிணற்றைச் சுற்றியே ஆறு நிமிடம். அந்தத் துணிச்சலிலேயே போனை எடுத்துவிட்டேன்.

"யாரு?"

"நீலா."

அந்தப் பக்கம் குக்கர் ஒரு விசில் விட்டது.

"சொல்லு."

யோசித்து வைத்திருந்தது ஒன்றும் வரவில்லை. "காலையில கிணத்தச் சுத்தி என்ன ஓட்டம் ஓடினே. எனக்குக் கையே வலிக்குது."

"எங்க ஓடினேன்?"

"விளையாட்டுல. மாவின்காய் நீதானே?"

"நான் அதத் தொட்டு அஞ்சு வருஷமாச்சு நீலி. கம்ப்யூட்டரெல்லாம் அந்த வீட்டுலயே கெடக்கு. உடுத்தின புடவையோட வந்தவ நான்."

நீலி என்றாள். அதை மட்டும் பிடித்துக்கொண்டேன்.

"அப்ப நான்னு நெனச்சுத்தான் கூப்பிட்டியா?"

"ஆமா."

"நான் இல்லேன்னு மொதல்லயே தெரிஞ்சிருந்தா?"

பொய் சொல்ல வாய் திறந்தது. மூடிக்கொண்டேன். "கூப்பிட்டிருக்க மாட்டேன். தைரியம் இல்ல." பிறகு ஒரே மூச்சில், "அன்னிக்கு அத்தை வீட்டுல இல்ல மேதா. கதக் போயிருந்தாங்க. நான் பொய் சொன்னேன்."

"தெரியும்."

"எப்படி?"

"வாசல்ல அவங்க செருப்பு இல்லையே."

அடுத்த விசில். "சோறு கொழஞ்சிடும். வைக்கறேன்" என்றாள். வைத்துவிட்டாள்.

ஐந்து வருடம். தெரிந்துகொண்டுதான் "சரி" என்று சொல்லிக் குடையை விரித்திருக்கிறாள்.

11 செப்டம்பர், புதன்

மாவின்காய்க்கு எழுதினேன்: இப்படி ஓட எங்கே கற்றாய் தங்கச்சி?

பதில் வந்தது. "நான் ஆம்பளைங்க. ராய்ச்சூர் பஸ் டிப்போல மெக்கானிக், பேரு ஹுலகப்பா. தார்வாட் அக்கா ஒருத்தங்க ரொம்ப வருஷம் முன்னாடி பதினோரு வீடியோ போட்டிருக்காங்க. எப்படி ஓடணும்னு கணக்கு வாத்தியார் மாதிரி சொல்லித் தருவாங்க. அதப் பாத்துப் பாத்துத்தான். அந்தக் கும்பிடும் அவங்களுதுதான். அவங்களத் துரத்தற விளக்குக்காரியையும் எனக்கு ரொம்பப் பிடிக்கும்ங்க. பதினொண்ணுலயும் அவதான் வருவா."

தேடி எடுத்துப் பார்த்தேன். ஈரண்ணாவின் மாடி. மின்விசிறிச் சத்தம். அவள் குரல்: "பாருங்க, இப்ப இவ இடது பக்கம் வருவா. இவள எனக்கு நல்லா தெரியும்." பின்னணியில் யாரோ சத்தமாகச் சிரிக்கிறார்கள். நான்தான். இப்படியா சிரிப்பேன்?

பதினொன்றையும் பார்த்தேன்.

12 செப்டம்பர், வியாழன்

ஹுலகப்பா எழுதியதை அப்படியே மேதாவுக்கு அனுப்பினேன். வேறொன்றும் சேர்க்கவில்லை.

16 செப்டம்பர், திங்கள்

மேதாவிடமிருந்து ஒரு வரி. "எத்தனை பேர் பாத்திருக்காங்க?"

"முன்னூத்தி நாப்பது."

"அதுல நூறு அந்த மெக்கானிக்காத்தான் இருக்கும்."

19 செப்டம்பர், வியாழன்

அவளே கூப்பிட்டாள். பள்ளி இடைவேளை, பின்னால் பிள்ளைகள் இரைச்சல்.

"நான் உன்ன மன்னிக்கணும்னு எதிர்பார்க்கறியா?"

"தெரியல."

"நானும் இன்னும் முடிவு பண்ணல. உங்க வீட்டுலேருந்து திரும்பிப் போய் நாலு மாசம் அங்க இருந்தேன். அதப் பத்தி நீயா கேக்கக் கூடாது. நானா சொன்னா கேட்டுக்கணும். குறுக்க பேசக் கூடாது. முடியுமா?"

"முடியும்."

"பாப்போம்" என்றாள். மணி அடித்தது.

23 செப்டம்பர், திங்கள்

கட்டுப் பிரித்தார்கள். கால் வேறு யாருடையதோ மாதிரி இளைத்திருக்கிறது.

25 செப்டம்பர், புதன்

பக்கத்து வீட்டுப் பெண்ணின் கணினியை ஞாயிறு மட்டும் கேட்டு வாங்கியிருக்கிறாளாம். "நாலு மணிக்கு. நம்ம ரெண்டு பேர் மட்டும்" என்று எழுதினாள்.

29 செப்டம்பர், ஞாயிறு

போனை ஸ்பீக்கரில் போட்டு மேசைமேல் வைத்தேன். கிணற்றுக் களம். வழக்கம்போல் விளக்குக்காரியை எடுக்கப் போனேன்.

"அவள விடு. இன்னிக்கு நான் எடுத்துக்கறேன்" என்றாள் மேதா. "நீ ஓடு."

நான் ஓடியதே இல்லை. இத்தனை வருடத்தில் ஒருமுறைகூட. எந்தப் பொத்தான் ஜன்னலைத் தாண்டும் என்றுகூடத் தெரியவில்லை. புல்லில் நின்றேன், சுவரில் முட்டினேன். இருட்டு இவ்வளவு இருட்டாக இருக்கும் என்று துரத்துகிறவளுக்குத் தெரியாது. பின்னால் லாந்தர் வெளிச்சம் தரையில் நீண்டு என் காலுக்கு முன்னால் விழுந்தபோது, விளையாட்டுதான் என்று தெரிந்தும் நாற்காலியில் திரும்பி முதுகுப்பக்கம் பார்த்தேன்.

முப்பது நொடியில் பிடித்தாள்.

"இவ்வளவு மோசமாவா ஓடுவே?"

"மொத தடவ."

"சரி, எழுந்திரு. இன்னொரு தடவ."

நாலு முறை பிடித்தாள். ஐந்தாம் முறை கிணற்றருகே என்னை மடக்கியவள் அரிவாளை ஓங்கவில்லை. லாந்தரை ஊதி அணைத்தாள். எங்கே நிற்கிறாள் என்று தெரியவில்லை. பக்கத்தில்தான் எங்கேயோ. போனில் அவள் மூச்சு மட்டும் கேட்டது.

"அன்னிக்கு ராத்திரி நான் போனப்ப அவன் கதவத் தாழ் போட்டிருந்தான்" என்றாள். "மழையில வாசல்லயே உக்காந்திருந்தேன்."

விசைப்பலகையிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். மேதா சொல்லிக்கொண்டே போனாள். அத்தை டீ கொண்டுவந்து வைத்துவிட்டு, என் முகத்தைப் பார்த்துக் கதவைச் சாத்திவிட்டுப் போனார். நான் குறுக்கே பேசவில்லை. டீ ஆறிப்போயிற்று. ஜூலை மாதம் வரைக்கும்தான் இன்று சொன்னாள். மீதி இருக்கிறது.

அடுத்த ஞாயிறும் நாலு மணிக்கு. அதற்குள் அந்த ஜன்னல் பொத்தானைப் பழகிவைக்கச் சொல்லியிருக்கிறாள்.