மஞ்சள் பெட்டியில் முப்பத்தேழு தோட்டாக்கள்

லூயிஸ்டவுன், மாண்டானா
1997 செப்டம்பர் 29

வெர்னுக்கு,

நலமா என்று கேட்டால் நீ பதில் போடப்போவதில்லை. அதனால் கேட்கவில்லை. முதலில் நான் சொல்வதைச் செய். மீதியைப் பிறகு படி, படிக்காவிட்டாலும் போ. சென்ற அக்டோபரில் என் பட்டறையில் நாம் இருவரும் மருந்து நிரப்பிய தோட்டாக்களில் உன் பங்கு ஒரு மஞ்சள் பெட்டியில் இருக்கிறது. முப்பத்தேழு மிச்சம் இருக்க வேண்டும். அவற்றில் ஒன்றைக்கூட யாரும் சுடக்கூடாது. உன் மருமகன் கிரெய்க் அந்தப் பெட்டியைத் தொடவே கூடாது.

இதைச் சொல்ல மூன்று முறை போன் செய்தேன். முதல் முறை கிரெய்க்தான் எடுத்தான். "அவருக்கு உங்ககூடப் பேச இஷ்டமில்ல சார்" என்று, நான் வாய் திறக்கும் முன்பே வைத்துவிட்டான். சாராம்! கல்யாணமான புதிதில் இங்கே இருந்த இரண்டு வருடமும் என் வீட்டு மான்கறியைத் தின்றவன். அடுத்த இரண்டு முறையும் போன் பதிவு இயந்திரம்தான் பேசியது. அதனிடம் நானும் சொன்னேன், என் மனைவி டோரீனும் சொன்னாள். பதில் இல்லை. ஆகவே பதிவுத் தபால்.

அந்தத் தோட்டாவைச் சுட்டு உன் துப்பாக்கி முகத்தில் வெடித்த பிறகு, ஆஸ்பத்திரியில் நீ என்னை வரவேற்ற விதத்தை நான் மறக்கவில்லை. பனியில் நூறு மைல் ஓட்டி வந்தேன். உன் முகத்தில் பாதி கட்டுக்குள் இருந்தது. "உன் தராசப் போய்ப் பாருடா, ஹார்லன்" என்றாய். "உன் துப்பாக்கியப் பாரு. அது உங்கப்பன் காலத்துத் துரு" என்று நானும் சொன்னேன். அதோடு நிற்கவில்லை. துப்பாக்கி கிளப்பில் எல்லோர் முன்னாலும் சொன்னேன். முப்பத்தொரு வருடமாக அந்தத் தராசில்தான் மருந்து நிறுக்கிறேன். எவனும் எனக்குச் சொல்லித் தரவில்லை. ஒரு துண்டுக் காகிதத்தில் பென்சிலால் பெயர் எழுதினால், எழுத்தின் கனத்தையும் காட்டும் தராசு அது. எல்லோரும் என்னைத்தான் நம்பினார்கள். உன் துப்பாக்கியைக் குப்பையில் போட்டார்கள், நீ அரிசோனாவுக்குக் குடிபோனபோது தோட்டாக்களைப் பத்திரமாக உன் சாமான்களோடு ஏற்றினார்கள்.

"ஒரு தடவ உன் தோட்டாவப் பிரிச்சுத்தான் பாரேன்" என்று டோரீன் வருடம் முழுக்க நச்சரித்தாள். பார்ப்பதே தோற்பது என்று இருந்தேன். "அப்படின்னா அந்தத் தராசையே கட்டில்ல படுக்க வெச்சுக்கோ. நான் சோபாவுல படுத்துக்கறேன்" என்றாள்.

இரண்டு வாரம் முன்பு உன் மகள் ஜனெல் டோரீனுக்கு எழுதியிருந்தாள். கிரெய்க் புதுத் துப்பாக்கி வாங்கியிருக்கிறானாம், உன்னுடையதைப் போலவே. அக்டோபர் கடைசியில் மான் வேட்டைக்குப் போகிறானாம், உன் பெட்டியிலிருக்கும் தோட்டாக்களோடு. துப்பாக்கிதான் காரணம் என்று நீயே ஒப்புக்கொண்டுவிட்டாய் என்றும் எழுதியிருந்தாள்.

உண்மையைச் சொல்கிறேன், எனக்குச் சந்தோஷமாக இருந்தது. என் பங்கு இருபதையும் பிரித்து, ஒவ்வொன்றின் மருந்தையும் நிறுத்து, தாளில் எழுதி உனக்கு அனுப்பி, உன் முகத்தில் கரி பூசலாம் என்று உட்கார்ந்தேன். பதின்மூன்று சரியாக இருந்தன. ஏழில் ஐந்து கிரெயின் கூடுதல். ஒரு சிட்டிகைதான். அந்த ஒரு சிட்டிகை என்ன செய்யும் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

அந்த நாளை நினைத்துப் பார். பாதி நிரப்பியிருந்தோம். எதிரே உட்கார்ந்துகொண்டு, பண்ணையை விற்றாயிற்று, டிசம்பரில் அரிசோனா போகிறேன் என்று, நாளைக்கு மழை வரும் என்பதுபோலச் சொன்னாய். "நாப்பது வருஷம் கூட இருந்தவன்கிட்ட வித்தப்புறம் சொல்றியா?" என்றேன். "ஏன், உன்கிட்ட கையெழுத்து வாங்கணுமா?" என்றாய். நான் மேஜையில் ஓங்கிக் குத்தினேன். தராசுத் தண்டு துள்ளியது. தண்டில் நகரும் பெரிய எடை அடுத்த வெட்டுக்குத் தாவியிருக்கிறது. ஒரு வெட்டு என்றால் ஐந்து கிரெயின்.

எந்த இடைவெளிக்குப் பிறகும் நான் எடையைச் சொல்வேன், நீ குனிந்து பார்த்துத் திருப்பிச் சொல்வாய். ஒருநாளும் தவறவிட்டதில்லை. அன்று நீ ஜன்னலைப் பார்த்தாய், நான் தட்டைப் பார்த்தேன். இருவரும் வாய் திறக்காமல் மீதியை நிரப்பினோம். முடிந்ததும் எடைகளை வழக்கம்போலப் பூஜ்ஜியத்துக்குத் தள்ளினேன், எங்கிருந்து தள்ளுகிறேன் என்று பார்க்காமலே. நீ கோபத்தில் வரிசை பார்க்காமல் உன் பங்கைக் கையால் வாரிக்கொண்டு போனாய். அதனால் உன் பெட்டியில் எத்தனை கெட்டது என்று எனக்குத் தெரியாது.

தராசில் தவறில்லை, வெர்ன். இன்றும் அதைத்தான் சொல்கிறேன். எடை நின்ற இடத்துக்கு அது சரியாகவே நிறுத்தது. உன் துப்பாக்கியிலும் தவறில்லை. மேஜையில் இருந்தது இரண்டு பேர், குத்தியது ஒருவன். நீ விற்றுவிட்டுச் சொன்னது சரி என்று மட்டும் நான் சாகும்வரை சொல்லமாட்டேன். வியாழக்கிழமை கிளப் கூட்டம். இதை அங்கே எழுந்து நின்று சொல்வேன். உனக்காக அல்ல. அவர்கள் என்னை நம்பியவர்கள்.

முப்பத்தேழையும் நீயே பிரி. கிரெய்க்கிடம் விடாதே. மருந்தைத் தோட்டத்தில் தூவிவிடு, செடிக்கு நல்லது. பிரித்தாயிற்று என்று ஒரு வரி எழுது. வேறு எதுவும் எழுத வேண்டாம், கையெழுத்தும் வேண்டாம். அந்த வரி வரும்வரை நான் தினமும் தபால் பெட்டி வரை நடப்பேன்.

உனக்கு மிஞ்சிய இடது கண்ணுக்கு ஆண்டவன் ஒரு குறையும் வைக்காமல் இருக்கட்டும்.

ஹார்லன்