பச்சையைத் தாண்டாத முள்

அக்கா,

நேற்று மகள் புடவை முந்தானைக்கு ஊக்கு கேட்டாள். வீட்டில் எங்கு தேடியும் அகப்படவில்லை. கடைசியில் என் பழைய மல்டிமீட்டர் பையைத் துழாவினேன். அடியில் உங்கள் ஊக்கு கிடந்தது, ஒரு பக்கம் கறுத்து, மறுபக்கம் துருவேறி. மூக்கருகே கொண்டுபோனேன். பிளீச்சிங் வாடை இத்தனை வருஷம் நிற்காது, வெறும் துருவாடைதான். ஆனாலும் அதைக் கீழே வைக்க மனம் வரவில்லை.

மலைமேல் சோளக்காடு ஊரிலிருந்து இறங்கும் பாதையில் அந்தக் குடிநீர் நிலையம். நீங்கள் தண்ணீர் பரிசோதிக்கும் தற்காலிக ஊழியர். நான் நாமக்கல்லிலிருந்து மாற்றலாகி வந்த கருவி மெக்கானிக். தொண்ணூற்றெட்டோ தொண்ணூற்றொன்பதோ. ஓடையிலிருந்து வரும் தண்ணீரின் அளவுக்கேற்ப ஒரு சின்ன பம்ப் பிளீச்சிங் கரைசலைக் கலக்கும். அதன் வேகத்தைச் சொல்வது கன்ட்ரோலர். நான்கு மில்லி ஆம்பியர் அனுப்பினால் பம்ப் நிற்கும், இருபது அனுப்பினால் முழு வேகத்தில் ஓடும். நீங்கள் காலை பஸ்ஸில் அரியூர் நாட்டுக் கிராமங்களுக்குப் போய், கடைசிக் குழாயில் கண்ணாடிக் குப்பியை நிரப்பி, அதில் சொட்டு விட்டுப் பார்ப்பீர்கள். மஞ்சளானால் மருந்து சேர்ந்திருக்கிறது என்று பொருள்.

கோடை முழுக்க மஞ்சள்தான். ஐப்பசி மழையில் ஓடை பெருகியதும் ஒருநாள் குப்பியை என் மேசையில் வைத்தீர்கள்.

“ஏனுங்க தம்பி, இதப் பாருங்க. சொட்டு விட்டும் பச்சத்தண்ணியாட்டவே இருக்குது.”

நான் பெரிய கெட்டிக்காரன் அல்லவா! பம்ப்புக்குப் போகும் வயர்களைக் கழற்றி, கன்ட்ரோலரில் நேராக என் மல்டிமீட்டரை மாட்டினேன். துல்லியமாக இருபது. “நல்லாத்தாங்க்கா இருக்குது” என்றேன்.

“கழட்டி வெச்சுப் பார்த்தா நல்லாத்தான் இருக்கும். வெறுங்கையை வீசிட்டு நடக்கச் சொன்னா நானுந்தான் மலையேறுவேன். தலையில பலாப்பழத்த வெச்சு நடக்கச் சொல்லுங்க, தெரியும். எல்லாத்தையும் மாட்டி வெச்சுப் பாருங்க தம்பி.”

எரிச்சலோடுதான் மாட்டினேன். பம்ப்பும் மற்ற எல்லாமும் இணைந்திருக்க, நடுவில் மல்டிமீட்டரை வைத்து அளந்தேன். கன்ட்ரோலரின் முகப்பு நூறு சதவீதம் என்று காட்டிக்கொண்டிருந்தது. வயரில் ஓடியதோ பதினான்கு. அதற்கு மேல் ஏறவே இல்லை.

காரணம் அதிகாரியின் அறையில் இருந்தது. மேலிடத்திலிருந்து பார்வையிட வருகிறார்கள் என்று, பழைய ஸ்டோரில் கிடந்த முள் மீட்டர் ஒன்றை, பம்ப்பின் வேகத்தைக் காட்ட, மரப்பெட்டியில் பொருத்தித் தன் மேசையில் வைக்கச் சொன்னார். பம்ப்புக்குப் போகும் வயரிலேயே அதையும் இணைத்து வைத்தவன் நான்தான். அந்தக் கன்ட்ரோலர் ஐந்நூறு ஓம் மின்தடைவரைதான் முழு மின்னோட்டத்தையும் தள்ளும். பம்ப்பும் வயரும் சேர்ந்து முந்நூறு. இந்தக் கிழட்டு மீட்டர் தனியாக நானூறு. கோடையில் குறைந்த வேகமே போதும் என்பதால் வெளியே தெரியவில்லை. மழையில் முழு வேகம் கேட்டபோது மூச்சு முட்டிவிட்டது.

“பின்னாடி ரெண்டு திருகையும் ஒரு கம்பியால சேத்து அந்த மீட்டரத் தாண்டி விட்டாப் போதுங்க்கா, பம்ப் முழுசா ஓடும்” என்று உங்களிடம் சொன்னேன். அதிகாரியிடமும் போய்ச் சொன்னேன், பாதிக் குரலில். அவர் மீட்டரைத் தடவிக்கொண்டே சிரித்தார். “முள்ளு பச்சையத் தாண்டிச் சிவப்புக்குப் போகுதா பாரு? எவ்வளவு நிதானமா ஓடுது! இதப் போய்க் கழட்டச் சொல்றியே.” கேடுகெட்ட அந்த நிதானத்துக்கு நானும் தலையாட்டிவிட்டு வந்தேன். தனி மின்சாரத்தில் இயங்கி, வந்த அளவை அப்படியே பலமாக்கி அனுப்பும் சின்னப் பெட்டி ஒன்று வேண்டும் என்று கடிதம் எழுதினேன். அது எந்த மேசையில் தூங்கியதோ தெரியாது.

மழை மூன்று நாள் விடவில்லை. கடைசிக் குழாய்த் தண்ணீர் குடித்த வீடுகளில் வாந்தி பேதி. நீங்கள் பஸ்ஸிலிருந்து இறங்கி நேராக என்னிடம் வந்தீர்கள். “என்ற பக்கத்து சீட்டுல ஒருத்தி புள்ளைய மடியில போட்டுட்டு வந்தா தம்பி. அது கண்ணே தொறக்கல.” கடிதத்துக்குப் பதில் வரட்டும் என்றேன் நான். பிறகு அதிகாரி சாப்பிடப் போன சமயம் அவர் அறைக்குள் நுழைந்து, வளையலில் மாட்டியிருந்த ஊக்கைக் கழற்றி, மீட்டரின் பின்பக்கத்து இரண்டு திருகுகளுக்கும் குறுக்கே செருகிவிட்டீர்கள்.

மீட்டரைச் சுற்றிக்கொண்டு மின்னோட்டம் போனது. பம்ப் முழு வேகத்தில் அடித்தது. மறுநாள் காலை உங்கள் குப்பி மஞ்சளாக வந்தது. ஆனால் அதற்கு முன்பே அதிகாரி, முள் படுத்துக் கிடப்பதைப் பார்த்துவிட்டார். ஊக்கைப் பிடுங்கி மேசையில் எறிந்தார். ஊக்கு என்றதும் உங்களைத்தான் கூப்பிட்டார். மருந்து போவதையே நீங்கள் நிறுத்திவிட்டீர்கள், அதனால்தான் ஊரில் பேதி என்று கத்தினார். ஊக்கு செருகுவதற்கு முன்பே பேதி தொடங்கியதை ஒருவரும் கேட்கவில்லை.

விசாரணைக்கு என்னிடம் அறிக்கை கேட்டார்கள். எழுதினேன். ‘கன்ட்ரோலரைச் சோதித்ததில் இருபது மில்லி ஆம்பியர் தருகிறது. குறைபாடு ஏதும் இல்லை.’ ஒரு சொல்கூடப் பொய் இல்லை. சீ, அந்தச் சாமர்த்தியத்தை நினைத்தால் இன்றும் காறித் துப்பத் தோன்றுகிறது. உங்களை வேலையைவிட்டு நிறுத்தினார்கள். பையோடு கிளம்பும்போது வாசலில் நின்று ஒன்றே ஒன்று கேட்டீர்கள்.

“கழட்டி வெச்சுப் பார்த்ததத்தானுங்களே தம்பி எழுதுனீங்க?”

அந்த அதிகாரி தை மாதத்துக்குள் மாற்றலாகிப் போனார். அடுத்த மழைக்கு முன் அவர் அறைக்குப் போனேன். மேசையிலிருந்து அன்று எடுத்து வைத்திருந்த உங்கள் ஊக்கையே, நீங்கள் செருகிய அதே இடத்தில் செருகினேன். முள் படுத்தது. புதிதாக வந்தவர் அந்த மீட்டர் பெட்டியின் மேல் தன் தோள்பையைத் தொங்கவிட்டார். புதுக் கன்ட்ரோலர் வரும்வரை, நான்கு மழைக்காலம், அந்த முள் ஏன் அசையவில்லை என்று ஒரு ஆள்கூடக் கேட்கவில்லை அக்கா. நீங்கள் வேலையை இழந்த அதே காரியத்துக்கு எனக்குப் பதவி உயர்வு வந்தது, பழுதில்லாமல் நிலையத்தைப் பார்த்துக்கொண்டதற்காக.

நீங்கள் போய்ச் சேர்ந்த செய்தி பதினாறாம் நாள் கழிந்துதான் எனக்கு எட்டியது. முன்பே தெரிந்திருந்தாலும் வந்திருப்பேன் என்று சொல்லமாட்டேன். உங்கள் ஊட்டுக்காரர் முகத்தைப் பார்க்கும் தைரியம் எனக்கு இல்லை.

“ஊக்கு கிடைச்சுதாப்பா?” என்று நேற்று மகள் மறுபடி கேட்டாள். இல்லை என்று சொல்லிவிட்டுப் பையை மூடினேன். மூடிய கையோடு இதை எழுத உட்கார்ந்தேன். அந்த அறிக்கையில் நான் எழுதாமல் விட்ட வரி இத்தனை வருஷமாக என்னிடமே இருக்கிறது. படிக்க நீங்கள் இல்லாதபோது எழுதுகிறேன்.

பம்ப்பையும் மீட்டரையும் மாட்டி வைத்து அளந்தபோது பதினான்குதான் வந்தது. அளந்தவன் நான். ஊக்கு செருகிய பிறகுதான் தண்ணீரில் மருந்து சேர்ந்தது.