ராணி போர்த்திய சினிமாத் துணி

ஏளா,

அந்தத் துணி இன்னும் மக்கவில்லை. மழைக்குக் கம்பளி தேடித் தகரப் பெட்டியைத் திறந்தேன். பாச்சை உருண்டை வாசத்தோடு மடியில் வந்து விழுந்தது. "இந்தப் பழந்துணிய எதுக்கும்மா வச்சிருக்க, தூரப் போடு" என்றான் என் மகன். நீ கண்ணை மூடிய மறுமாதம் எனக்குப் போன் வாங்கித் தந்தவனும் அவன்தான். அம்மா பொழுது போகாமல் அழுதுகொண்டே இருக்கிறாளாம். போனும் கையுமாக ஒரு மூலையில் கிடந்தால் யாருக்கும் தொல்லையில்லை, பார்.

நானும் கிடந்தேன். விடிந்ததும் எடுப்பேன், கண் எரிகிற வரைக்கும் விரலால் தள்ளிக்கொண்டே இருப்பேன். யாரோ சமைப்பார்கள், யாரோ ஆடுவார்கள், யாரோ சண்டை போடுவார்கள். சாயங்காலம் என்ன பார்த்தாய் என்று கேட்டால் ஒன்றும் சொல்லத் தெரியாது. நீ இருந்திருந்தால் பிடுங்கிக் கடலில் எறிந்திருப்பாய்.

எழுபதுகளில் நமக்குப் பிடித்திருந்த கிறுக்கு சினிமா. புன்னைக்காயலுக்குத் தெற்கே நம் ஊரில் எது நடந்தாலும் நடக்காவிட்டாலும், டூரிங் கொட்டகையில் படம் மாறிவிட்டால் நமக்குத் தெரிந்துவிடும். ஜெபமாலைக்குப் போவதாகப் பொய் சொல்லிவிட்டு ஓடுவோம். முன்னால் இருப்பவன் தலை மறைக்காமல் இருக்க மணலைக் குவித்து அதன்மேல் உட்காருவோம். நான் அழுது தீர்ப்பேன். நீ அழமாட்டாய். "அவ சொன்னது சரியில்லளா. நான்னா இப்பிடிச் சொல்லுவேன்" என்று திரும்பி வரும் வழியெல்லாம் கதாநாயகியாகவே பேசிக்கொண்டு வருவாய். எனக்குப் பார்த்தால் போதும். உனக்குப் போதவில்லை.

கோயில் திருவிழாவுக்கு வருசம் ஒரு நாடகம் போடுவார்கள். பகை மன்னனிடம் சிறைப்பட்ட ராணி கதை. ராணி வேசம் எப்போதும் மீசையை மழித்த ஒரு வலைக்காரனுக்குத்தான். பார்த்துப் பார்த்தே உனக்கு அத்தனை வசனமும் பாடம். ராஜா வசனத்தை என் வாயிலும் திணித்து வைத்திருந்தாய். ஊர்த் தலைவர் உனக்குப் பெரியப்பா முறை. அவரிடமே நேராகப் போய் நின்றாய்.

"பெரியப்பா, இந்த வருசம் ராணி வேசம் நான் கட்டுதேன்."

"பொட்டப்புள்ள மேடை ஏறுனா ஊரு சிரிக்கும். வீட்டுக்குப் போளா."

உனக்கு முகம் செத்துப்போயிற்று. அதற்கு மேல் ஒன்று நடந்தது. மீன்பாடு நன்றாக இருந்ததால் ஆண்கள் ஒத்திகைக்கே வரவில்லை. நாடகம் வேண்டாம், மிஷின் கொண்டுவந்து சினிமாவே போட்டுவிடலாம் என்று முடிவாகிவிட்டது. நான் சந்தோசத்தில் கை தட்டினேன். "தட்டு, நல்லா தட்டு. சாகுற வரைக்கும் பாத்துக்கிட்டே கெட" என்றாய். திருவிழா வரைக்கும் என்னோடு பேசவில்லை.

திருவிழா அன்று திரை கட்டினார்கள் நம் ஆட்கள். அவர்களுக்குத் துணி என்றால் பாய்தான். வள்ளத்துப் பாயைப் போல நாலு மூலையும் இழுத்து, முறுக்கி, முடிச்சுப் போட்டுவிட்டு, இனி புயலுக்கும் அசையாது என்று பெருமை வேறு. காற்றைப் பிடிக்கத்தான் அவர்களுக்குத் தெரியும், விடத் தெரியாது. விளக்கு வைத்த நேரத்துக்குப் படம் ஓட ஆரம்பித்தது. மேற்கேயிருந்து கச்சான் காற்று ஒரு வீசு வீசியது. துணி உப்பியது. கதாநாயகிக்குப் பொன்னுக்கு வீங்கி வந்த மாதிரி கன்னம் வீங்க, ஊரே சிரித்தது. அடுத்த வீச்சில் மூங்கில் முறிந்து துணி மேலிருந்து கீழ் வரை கிழிந்தது.

பெட்ரோமாக்ஸ் வந்தது. முடிச்சு யார் போட்டது என்று ஆண்கள் சண்டை பிடித்தார்கள். நீ எழுந்தாய். பாவாடையில் ஒட்டிய மணலைத் தட்டினாய். கிழிந்த துணியில் பாதியை எடுத்துத் தோளில் போர்த்திக்கொண்டு வெளிச்சத்தில் போய் நின்றாய்.

"தலை உன் கையில் இருக்கலாம் மன்னா. வணக்கம் என் கையில் இருக்கிறது. தரமாட்டேன்!"

அடி ஆத்தே, என்ன குரல் அது! சண்டை அப்படியே நின்றுவிட்டது.

"ஏளா, மேடைய விட்டுப் போ!" என்று கத்தினார் பெரியப்பா.

"இது மேடையா பெரியப்பா? கடற்கரை மண்ணு. இதுல நிக்கவும் உத்தரவு வேணுமோ?"

ஆனால் நாடகத்துக்கு ராஜா வேண்டுமே. ஒரு ஆண்பிள்ளையும் அசையவில்லை. நீ இப்படியே நின்றால் ராணி அவமானப்பட்டு வீட்டுக்குத்தான் போகவேண்டும். கூட்டத்தில் என்னைத் தேடிப் பிடித்து, அத்தனை நாள் கழித்து என்னோடு பேசினாய்.

"பாத்தது போதும், எந்திரிளா."

எழுந்தேன். பாதி வசனம் மறந்துபோய், வாய்க்கு வந்ததை எல்லாம் சொன்னேன். ஊர் விழுந்து விழுந்து சிரித்தது. என் அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். வீட்டில் வாங்கிய அடி தனிக்கதை. அடியும் உறைக்கவில்லை, போ. கொட்டகையில் நான் அழுத அத்தனை அழுகையும் அந்த ஒரு ராத்திரிச் சந்தோசத்துக்குக் கால்தூசி பெறாது. அடுத்த வருசம் நாம் கேட்கக்கூட இல்லை, மண்ணிலேயே ஆடினோம். நான் கல்யாணமாகித் தூத்துக்குடி வந்தபோது துணியை என் பெட்டியில் வைத்து அனுப்பினாய்; அதற்குப் பிறகும் ஆடுவதை நீ விடவில்லை.

இப்போது கேள். மில்லர்புரத்து எங்கள் வீட்டு மாடியில் கொடிக்கயிற்றில் இந்தத் துணியைப் போட்டிருக்கிறேன், காற்றுப் போக இடம் விட்டு. கீழ்வீட்டு டீச்சரும் துணி தேய்க்கிற அக்காவும் நாடகம் ஆட வருவதாகச் சொல்லிவிட்டார்கள். ராணி நான்தான். மூட்டுவலி ராணி.

"அம்மா, ஆளுக சிரிப்பாங்க" என்றான் மகன்.

"சிரிக்கட்டும்லே. அதுக்குத்தான் ஆடுதோம்."

ராஜாவுக்கு மட்டும் ஆள் இல்லை. சோபாவில் மருமகள் போனில் முங்கிக் கிடந்தாள். அவள் முன்னால் போய் நின்று, அன்றைக்கு என்னை எழுப்பிய உன் வார்த்தையை உன் குரலிலேயே சொன்னேன். அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். போனைக் கவிழ்த்து வைத்தாள்.

"எனக்கு வசனம் தெரியாதே அத்தை."

"எனக்கும்தான் தெரியாது. வாய்க்கு வந்ததைச் சொல்லு, வா."