பொத்தேரி துர்கா

என்னங்க,

போனில் சொன்னால் நம் ஸ்ம்ருதி காதில் விழும். அதனால்தான் கடிதம்.

ஆர்குட்டில் அவள் போட்ட போட்டோவைப் பார்த்து, "இருட்டுல எடுத்ததா?" என்று வகுப்புப் பிள்ளைகள் கேலி எழுதினார்கள். ஒரு வாரம் சரியாகச் சாப்பிடவில்லை. மனசு கேட்காமல் தாம்பரத்தில் பிரவுசிங் சென்டருக்குப் போனேன். பொத்தேரியில் படிக்கும் துர்கா என்று பொய்ப் பெயர் வைத்துக்கொண்டு, "நீ ரொம்ப அழகா இருக்கே" என்று எழுதினேன். அன்றைக்கே தோசை கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள்.

இப்போது ஞாயிற்றுக்கிழமை துர்காவைப் பார்க்கப் பொத்தேரிக்கு வருகிறாளாம். நான் என்ன பதில் போட?

கூடவே இதையும் எழுதியிருக்கிறாள்: "எங்கம்மா ஒரு தடவைகூட என்னை அழகுன்னு சொன்னதில்லக்கா."

என் கண்ணே பட்டுவிடும் என்றுதானே இத்தனை வருஷம் வாயை மூடிக்கொண்டிருந்தேன்?

உங்கள் வீட்டுக்காரி