மடிப்பது மட்டும்

பிப்ரவரி 6, செவ்வாய்

இன்று எங்கள் ரோலருக்குப் புதிதாக ஒருத்தியைக் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறார்கள். சுவருக்கு அந்தப் பக்கம், அழுக்குத் துணி பிரிக்கிற இடத்திலிருந்து. இந்தச் சலவைக்கூடத்தில் பதினொரு வருஷமாக இருக்கிறேன். அந்தப் பக்கத்து ஆள் ஒருவர்கூட இந்தப் பக்கம் வந்து நான் பார்த்ததில்லை. அங்கே இருப்பவர்கள் எல்லோரும் ஏஜென்சி மூலம் வேறு நாட்டிலிருந்து வந்தவர்கள். நிறம் வேறு, முடி வேறு, பேச்சு வேறு. ஆஸ்பத்திரி விரிப்புகளில் ரத்தம் இருக்கும், சமயத்தில் ஊசியும் இருக்கும்; அதைப் பிரிக்க அவர்கள். துவைத்து வந்ததை ரோலரில் விட்டு, காய்ந்து தேய்ந்து வெளியே வரும்போது வாங்கி மடிக்க நாங்கள் ஐந்து பெண்கள். ரோலரின் பேனல் முன்னால் நிற்க ஓர் ஆண். இப்படித்தான் என்று யாரும் எங்கேயும் எழுதி வைக்கவில்லை. ஆனாலும் மாறினதே இல்லை.

அப்படியிருக்க இவளை மட்டும் ஏன்? அதுவும் சொல்லிவைத்தாற்போல் என் பக்கத்தில்?

ஏஜென்சி ஆளுக்கு எங்கள் சம்பளத்தில் பாதிதான்; என் இடத்துக்குத்தான் கொண்டுவந்திருக்கிறார்கள். என் காதில் யாரும் பூ சுற்ற வேண்டாம்.

பிப்ரவரி 8, வியாழன்

புதியவள் ஒரு சின்ன நோட்டு வைத்திருக்கிறாள். மேல்சட்டைப் பையில். நான் வாயைத் திறந்தால் போதும், எடுத்து எதையோ குறிக்கிறாள். எட்டிப் பார்த்தேன். அவர்கள் எழுத்து, ஒன்றும் விளங்கவில்லை.

யாரிடம் காட்டப் போகிறாள்?

பிப்ரவரி 12, திங்கள்

பேனல் முன்னால் நிற்கிற தம்பிக்கு நாங்கள் வைத்த பெயர் பட்டன். மூன்று வருஷத்துக்கு முன் வந்தபோது பச்சைப் பட்டன் எது, சிவப்பு எது என்பதைத் தவிர ஒன்றும் தெரியாது. இன்றைக்கும் அதற்கு மேல் பெரிதாகத் தெரியாது, பாவம். விரிப்பு வெளியே வரும்போது ஓரத் தையலில் புறங்கையை வைத்துப் பார்ப்போம். ஈரம் நின்றால் "ஏத்து" என்று கத்துவோம். லேசாகக் கருகல் வாடை வந்தால் "எறக்கு". அவன் திருகுவான். அவன் பதவி, இயந்திர இயக்குநர். எங்கள் பதவி, உதவியாளர். யாருக்கு யார் உதவி என்று கேட்டால் சிரிப்பு வரும்.

புதியவள் இன்று தானும் புறங்கையை வைத்துப் பார்த்தாள். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. என்னைப் பார்த்தே பிடித்துக்கொண்டிருக்கிறாள். எனக்குச் சுருக்கென்றது.

பிப்ரவரி 15, வியாழன்

மேனேஜர் எல்லோரையும் கூட்டி வைத்துப் பேசினார். அடுத்த வாரம் வெளியிலிருந்து ஓர் அம்மா வருவாராம். ஒவ்வொருவரையும் தனியாகக் கூப்பிட்டு என்ன வேலை செய்கிறோம் என்று கேட்டுப் படிவம் நிரப்புவாராம். அதை வைத்து யார் எந்தத் தரம் என்று முடிவாகுமாம். "உங்க நல்லதுக்குத்தான்" என்றார். அந்த வார்த்தையைக் கேட்டதும் உஷாரானேன்.

படிவத்தின் மாதிரி ஒன்றைப் பட்டன் காட்டினான். ஆறாவது கேள்வி: இயந்திரத்தின் இயக்கத்தில் தலையிடுவதுண்டா?

அதானே பார்த்தேன். நான்கு வருஷத்துக்கு முன் எங்களில் ஒருத்தி, அப்போதிருந்த ஆபரேட்டர் டீ குடிக்கப் போன நேரத்தில், விரிப்பு கருகுகிறதே என்று தானே போய்ச் சூட்டைக் குறைத்தாள். அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். 'தலையிடுவதுண்டா' என்றால் 'உண்டு' என்று எழுதிக் கொடுத்துவிட்டு நடையைக் கட்ட வேண்டியதுதான்.

சாப்பாட்டு இடைவேளையில் நால்வரிடமும் சொல்லிவிட்டேன். "மடிக்கிறோம். அவ்வளவுதான். அதுக்கு மேல ஒரு வார்த்தை வாயில வரக் கூடாது." பெரியக்கா, எங்களில் மூத்தவர், கொஞ்சம் யோசித்தார். "ஒருவேளை நெஜமாவே தரம் ஏத்தறதுக்கா இருந்தா?" என்றார். "நமக்கா?" என்றேன். சிரித்துவிட்டார்.

புதியவளிடம் சொல்லவில்லை. அவளிடம் சொன்னால் மேனேஜரிடமே சொன்ன மாதிரி.

பிப்ரவரி 20, செவ்வாய்

படிவக்காரி வந்தாள். சத்தமே வராத செருப்பு. தண்ணீர் கொடுத்து உட்காரச் சொன்னாள். பதினொரு வருஷத்தில் அந்த அறையில் யாரும் என்னை உட்காரச் சொன்னதில்லை, அப்போதே முழித்துக்கொண்டேன்.

"துணி காஞ்சிருக்கான்னு யார் பாக்கறாங்க?"

"அது தம்பி பாத்துப்பாரும்மா."

"நீங்க?"

"மடிப்பேன்."

"மடிக்கிறது மட்டும்தானா?"

"மட்டும்தான்."

என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆழம் பார்க்கிறாள் என்று தெரிந்தது. நானும் அசையவில்லை.

புதியவள் உள்ளே போனால் வரவே இல்லை. அரைமணி நேரம். உடைந்த தமிழை வைத்துக்கொண்டு அரைமணி நேரம் என்ன பேசினாள்? வெளியே வந்து என்னைப் பார்த்துச் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை.

பிப்ரவரி 25, ஞாயிறு

என் வீட்டுக்காரர் வேலை செய்கிற கிடங்கிலும் இதே மாதிரிப் படிவம் வந்திருக்கிறது. மூட்டை ஏற்றி இறக்குவதுதான் இவர் வேலை. ஆனால் சரக்குத் தூக்குகிற வண்டியை ஓட்டத் தெரியும் என்று எழுதிவிட்டு வந்திருக்கிறார். "எத்தனை நாள் ஓட்டியிருக்கீங்க?" என்றேன். "ரெண்டு நாள்" என்றார், கொஞ்சமும் கூச்சமில்லாமல். "அதுல ஒருநாள் சுவத்துல இடிச்சுட்டீங்களே?" "ஓட்டினாத்தானே இடிக்க முடியும்!"

மாட்டிக்கொண்டு முழிக்கப் போகிறார் என்று நினைத்தேன்.

மார்ச் 4, திங்கள்

பட்டியல் ஒட்டிவிட்டார்கள்.

பட்டன் — திறன் பணியாளர், முதல் தரம்.
நாங்கள் ஐந்து பேரும் — உதவியாளர், திறன் தேவையற்ற பணி.

அப்படியானால் உண்மையிலேயே தரம் கொடுப்பதற்குத்தான் கேட்டிருக்கிறார்கள். பலகை முன்னால் எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியவில்லை. பெரியக்கா என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை.

புதியவள் ஏஜென்சி ஆள், பட்டியலிலேயே இல்லை. அவள் படிவக்காரியிடம் என்ன சொன்னாள் என்பதைப் பட்டன்தான் சொன்னான். "நாங்க சூடு சொல்லும், அவர் திருப்பும்" என்று கையால் செய்து வேறு காட்டினாளாம். நாங்கள் ஐந்து பேரும் இல்லை என்று சொன்னதால் மேனேஜர் அதை அடித்துவிடச் சொல்லிவிட்டாராம். "ஒண்ணு அவ பொய் சொல்றா, இல்ல அஞ்சு பேரும் பொய் சொல்றாங்க" என்றாராம்.

வீட்டுக்கு வந்தால் அவர் கையில் கடிதம். வண்டி ஓட்டுநர், இரண்டாம் தரம். பயிற்சி அவர்களே கொடுப்பார்களாம்.

இரண்டு நாள் ஓட்டினதை அவர் எழுதினார். பதினொரு வருஷம் செய்ததை நான் மறைத்தேன். எனக்கு வந்த ஆத்திரத்தில் அவர் கடிதத்தைக் கிழித்திருப்பேன். அவர் என்ன பாவம் செய்தார்? ஆம்பளைக்குத் தெரியும்னா தெரியும். எங்களுக்குத் தெரியும்னா அது தலையிடறது. அப்படித்தானே?

மார்ச் 5, செவ்வாய்

காலையில் பெரியக்கா மெதுவாகச் சொன்னார்: "திறனே தேவையில்லையாம். அப்ப வாய் எதுக்கு?"

யாரும் திட்டம் போடவில்லை. ஆனால் இன்று ஒருத்தியும் ஏத்து என்றோ எறக்கு என்றோ சொல்லவில்லை. வந்ததை மடித்தோம். ஈரமாக வந்ததை ஈரமாகவே மடித்தோம். பத்து மணிக்குப் பட்டன் அலறிக்கொண்டு ஓடிவந்தான்.

"என்னக்கா, யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டேங்கறீங்க?"

"நாங்க மடிக்கறவங்கப்பா. சூடெல்லாம் எங்களுக்கென்ன தெரியும்?"

பயந்துபோய் சூட்டை ஒரேயடியாக ஏற்றினான். மதியத்துக்குள் நாற்பது விரிப்புகள் ஓரம் பழுத்துப்போய் வந்தன. உள்ளுக்குள் எனக்கு எவ்வளவு சந்தோஷம்! புதியவள் மட்டும் ஒன்றும் புரியாமல் எங்கள் முகங்களை மாறி மாறிப் பார்த்தாள். ஒரு தடவை "எறக்கு" என்றாள். அவள் குரல் ரோலர் சத்தத்தில் பேனல் வரை எட்டவில்லை.

மார்ச் 6, புதன்

இது எனக்குத் தோன்றவே இல்லை. தோன்றியிருக்க வேண்டும். எல்லாவற்றையும் சந்தேகப்படுகிற எனக்கு இது ஏன் தோன்றவில்லை?

பழியைப் புதியவள் தலையில் கட்டிவிட்டார்கள். "சூடு சொல்றது என் வேலைன்னு நீதானே சொன்னே? நேத்து ஏன் சொல்லல?" மேனேஜர் எல்லோர் முன்னாலும் கேட்டார். அவளுக்குப் பாதி புரியவில்லை. அவளைச் சுவருக்கு அந்தப் பக்கம் அனுப்பிவிட்டார்கள். மாதக் கடைசியில் ஏஜென்சிக்கே திருப்பி அனுப்பிவிடுவார்களாம். ஏஜென்சி திருப்பி எடுத்தால் அடுத்து ஊருக்குத்தான்.

ஐந்து பேரும் அங்கேதான் நின்றோம். ஐந்து பேரும் தரையைப் பார்த்தோம்.

மார்ச் 7, வியாழன்

இன்றும் ஏத்து, எறக்கு இல்லை; பட்டன் ரோலரை மெதுவாக ஓட்டிச் சமாளிக்கிறான். சாப்பாட்டு நேரத்தில் அந்தப் பக்கம் போனேன். கதவைத் திறந்தால் பத்தடிதான். பதினொரு வருஷமாக அந்தப் பத்தடி நடந்ததில்லை. நாற்றம் தொண்டையைப் பிடித்தது. முழங்கை வரை கையுறை போட்டுக்கொண்டு குவியலைப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா இங்க வரக் கூடாது" என்றாள்.

"அந்த நோட்டுல என்னதான் எழுதினே?"

கையுறையைக் கழற்றி எடுத்துக் கொடுத்தாள். பக்கம் பக்கமாகக் கட்டம் போட்டிருந்தாள். தேதி, மணி, துணியின் தடிமனுக்குச் சின்னச் சின்ன கோடுகள், பேனலில் இருந்த எண், ஏற்றினால் மேல்நோக்கி அம்பு, இறக்கினால் கீழ்நோக்கி. எங்கள் வேலை மொத்தமும் அதில் இருந்தது. நாங்களே இப்படி எழுதினதில்லை. கடைசிக் கட்டத்தில் யார் சொன்னது என்பதற்கு ஆளுக்கொரு படம். பெரியக்காவுக்குக் கொண்டை. பாதிக்கு மேல் கட்டங்களில் ஒரு கண். மூக்கில்லை, முகமில்லை, ஒரு கண்.

"இது யாரு?"

வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "அக்கா. எப்பவும் பாக்குது."

எனக்கு அழுகை வந்துவிட்டது. "அந்தம்மாகிட்ட ஏன் அப்படிச் சொன்னே?" என்றேன்.

"கேட்டாங்க. சொன்னேன்" என்றாள். அவ்வளவுதான்.

மார்ச் 11, திங்கள்

அவளிடம் நோட்டைக் கேட்டு வாங்கிக்கொண்டு மேனேஜர் அறைக்குப் போனேன். "அவ பொய் சொல்லல சார். நாங்கதான் பொய் சொன்னோம். சொல்லச் சொன்னது நான்."

நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார். பிறகு, "இதை அப்படியே எழுதித் தருவீங்களா?" என்றார்.

இதுதான் பொறி என்று உடம்பு முழுக்கச் சொன்னது. எழுதினேன். கையெழுத்துப் போட்டேன். நோட்டைக் கொடுக்கவில்லை, பக்கங்களைப் படம் எடுத்துக்கொள்ளச் சொன்னேன். ஆனால் நான் எழுதினதற்கு நகல் வாங்காமல் வந்துவிட்டேன். முட்டாள், முட்டாள்.

வீட்டில் சொன்னேன். "வேலை போச்சுன்னா?" என்றார் அவர். "நீங்கதான் இப்ப ரெண்டாம் தரமாச்சே" என்றேன். வெடுக்கென்று வந்துவிட்டது. பாவம், பாத்திரம் கழுவப் போனார்.

மார்ச் 14, வியாழன்

மேனேஜர் வணக்கம் சொன்னார். ஏன் சொன்னார்?

மார்ச் 21, வியாழன்

படிவக்காரி மறுபடி வந்தாள். இந்தத் தடவை அறைக்குக் கூப்பிடவில்லை; ரோலர் பக்கத்திலேயே வந்து நின்றாள். பட்டனிடம், "இவங்க சொல்லாம நீங்களா நடத்துங்க பாப்போம்" என்றாள். அவன் பத்து நிமிஷம் பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்தான். பிறகு என்னிடம் திரும்பி, "அக்கா, சொல்லுங்கக்கா. என்னால ஆகாது" என்றான். எல்லோர் முன்னாலும் சொன்னான். அந்தப் பையன் மேல் எனக்கு இருந்த கோபம் அதோடு போயிற்று.

"ஏத்து" என்றேன். பதினாறு நாளாக ரோலரில் வராத சத்தம்.

புதியவளையும் கூப்பிட்டு நிறுத்தச் சொன்னேன். கூப்பிட்டார்கள். எங்கள் ஆறு பேரில் கருகலை முதலில் பிடித்தவள் அவள்தான்.

ஏப்ரல் 2, செவ்வாய்

புதுப் பட்டியல். பெரியக்காவும் மற்ற மூவரும் திறன் பணியாளர், இரண்டாம் தரம். பட்டனுக்கு இன்னும் முதல் தரம்தான். அதை யாரும் தொடவில்லை, கவனித்தேன். எனக்கு, தவறான தகவல் தந்ததற்காக ஓராண்டு காத்திருப்பு. உதவியாளர், திறன் தேவையற்ற பணி.

பெரியக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். எனக்கு வலிக்கிறது. வலிக்கவில்லை என்று இங்கேகூட எழுத மாட்டேன்.

புதியவள் திரும்பவும் என் பக்கத்தில் நிற்கிறாள். ஆனால் ஏஜென்சியின் பட்டியல் தனி. அவர்கள் தரத்துக்கு அவர்களே படிவம் அனுப்புவார்களாம்.

ஏப்ரல் 19, வெள்ளி

ஏஜென்சிப் படிவம் வந்துவிட்டது. உடன் வேலை செய்யும் ஒருவர் நிரப்ப வேண்டுமாம். அவள் நேராக என்னிடம் கொண்டுவந்தாள்.

மூன்று தடவை படித்தேன். பின்பக்கம் திருப்பிப் பார்த்தேன். பொடி எழுத்தையெல்லாம் பட்டனை விட்டுப் படிக்கச் சொன்னேன். 'இவர் செய்யும் பணிகள்' என்று கேட்டு, அதற்கு ஒரே ஒரு கோடு விட்டிருந்தார்கள்.

மேனேஜர் அறைக்குப் போய் இன்னும் இரண்டு தாள் கேட்டேன். எழுதி முடித்ததும் நகலும் கேட்டு வாங்கிக்கொண்டேன். அவளுக்கு ஒன்று, எனக்கு ஒன்று.