எனக்கு இல்லாத மூட்டுவலி

சகலை,

போன ஞாயிறு ரெட்டியார்பாளையத்தில் அத்தை வீட்டு நாற்காலியில் உட்கார்ந்ததும் தைல வாசனை வந்தது. புதிதல்ல. நான் எப்போது போனாலும் அந்தப் பச்சைப் புட்டி என் பக்கத்து முக்காலியில் இருக்கும். அத்தையின் இடுப்புவலிக்கு என்றே இத்தனை நாளும் நினைத்திருந்தேன். அது யாருக்கு என்று அன்றுதான் தெரிந்தது. அதனால்தான் இந்த மடல்.

நீ உயிரோடு இருந்தவரை உன்னை "வாங்க, போங்க" என்றுதான் பேசினேன். இப்போது "நீ" என்றே எழுதுகிறேன். கோபம் அப்படி.

அந்த வீட்டுக்கு மூத்த மாப்பிள்ளை நான். நீ எனக்கு ஒன்பது வருடம் பின்னால் வந்தவன். ஆனால் வந்த மாதமே உனக்கு அங்கே அடுப்படி வரை போக உரிமை கிடைத்துவிட்டது. மாமா என்னைக் கண்டால் வேட்டியை இறக்கிவிட்டு, "வாங்க முசே" என்பார், பிரெஞ்சுக்காரன் காலத்து மரியாதையோடு. உன்னைக் கண்டால், "என்னாடா, சாப்டியா?" அத்தைக்கு நான் "மாப்ள". நீ "தம்பி". தவளக்குப்பத்து டயர் கடையிலிருந்து கரிக்கையோடு வந்து நேராகக் குழம்புச் சட்டியைத் திறப்பாய். அத்தை உன் முதுகில் ஒன்று வைத்துவிட்டுச் சிரிப்பார். என் முதுகில் யாரும் அடித்ததில்லை. மரியாதை என்று பெயர் வைத்து என்னை ஹாலிலேயே உட்கார வைத்துவிட்டார்கள்.

அந்த வீட்டுக் கரண்ட் பில் திடீரென்று ஏறியது உனக்கு நினைவிருக்கும். பிரான்சில் இருக்கும் மச்சான் போனில் கத்தினான்: "ரெண்டு கெழம் இருக்கிற வீட்டுக்கு இவ்ளோ பில்லா? வீட்ட வாடகைக்கு வுட்டுட்டுப் பெரியக்கா வீட்டுல போயி இருங்க." என் வீடுதான். அத்தை அன்று முழுக்க அழுதார். சொந்த வீட்டை விட்டு மாப்பிள்ளை வீட்டில் போய் உட்காருவதா என்று. அவர்கள் அந்த வீட்டிலேயே இருக்க வேண்டுமானால் பில் இறங்க வேண்டும். அதை இறக்க நான் இருக்கிறேன் என்றேன்.

எட்டாம் வகுப்போடு நின்றவன் நான். ஹார்டுவேர் கடையில் இருந்தபடியே எல்லாம் நானாகக் கற்றுக்கொண்டேன். யூனிட் கூடக் கூட விலையும் எப்படி ஏறுகிறது என்று மின்துறை ஆபீஸில் நின்று கேட்டேன். மொட்டை மாடியில் சோலார் போட மூன்று கம்பெனிகளிடம் விலை கேட்டு, மானியம் போக எது மலிவு என்று பார்த்துவைத்தேன். மாமாவும் அத்தையும் தலையாட்டினார்கள். "நீங்க சொன்னா சரிங்க மாப்ள." ஆனால் கையெழுத்து மட்டும் வரவில்லை.

அதுவரை மீட்டரையாவது கவனிப்போம் என்று கடையை மூடியதும் அடிக்கடி அங்கே போவேன். போகும்போதெல்லாம் ஹால் சில்லென்று இருக்கும். மச்சான் லீவில் வந்தபோது வாங்கிப்போட்ட ஏசி. "இப்படி ஓடுனா பில்லு ஏறாம என்னா செய்யும் அத்தை?" என்பேன். "இனிமே போடலங்க மாப்ள" என்பார். மறுமுறை போனால் மறுபடி சில்லென்று இருக்கும். அடுத்த மாதம் பில் இன்னும் ஏறியது.

அப்போதுதான் நீ நுழைந்தாய். "ஒரு மாசம் என்கிட்ட வுடுங்கண்ணே. பாக்கலாம்."

அந்த மாதமே பில் இறங்கியது. அதற்கடுத்த மாதம் பாதிக்கு வந்துவிட்டது. மச்சான் வாயை மூடிக்கொண்டான். சோலார் பேச்சை யாரும் எடுக்கவில்லை. வருகிறவர் போகிறவரிடமெல்லாம் அத்தை, "எங்க தம்பி கை வெச்சாதான் நடக்குது" என்றார். நான் அங்கேதான் உட்கார்ந்திருந்தேன்.

"என்னா செஞ்சீங்க?" என்று உன்னைக் கேட்டேன்.

"ஒண்ணுமில்லண்ணே. அத்தைகிட்ட ஒரு வார்த்த சொன்னேன்."

அந்த ஒரு வார்த்தை என்னை எரித்தது. ஆபீஸ் ஆபீஸாக ஏறி நான் சொன்ன அத்தனை வார்த்தைகளும் காற்றில் போக, உன் ஒன்று மட்டும் எப்படி ஏறியது?

இன்னொன்றும் கவனித்தேன். அதன்பிறகு எனக்கு ஏசி மட்டுமல்ல, ஃபேன்கூடக் குறைந்துவிட்டது. நீ வந்தால் ஃபேன் பறக்கும். நான் வந்தால் அத்தை எழுந்துபோய் ரெகுலேட்டரைத் திருகி மெதுவாக்குவார். வேர்த்து ஒழுக உட்கார்ந்திருப்பேன். என் யோசனை தோற்றதால் மதிப்பும் போய்விட்டது என்று வீட்டுக்கு வந்து உன் அண்ணியிடம் பொருமுவேன். "உங்களுக்கு எல்லாத்துலயும் அவரோட போட்டி" என்பாள். ஆமாம், போட்டிதான். கிறிஸ்துமஸ் முடிந்து நீ போய்ச் சேர்ந்த அன்று அத்தை, "என் புள்ள போயிடுச்சே" என்று தரையில் புரண்டார். உன் பெட்டியருகே நின்றுகொண்டு, எனக்கு என்ன சொல்லி அழுவார் என்று யோசித்தவன் நான்.

போன ஞாயிறுக்கு வருகிறேன். நல்ல வெயில். சர்ச்சில் பூசை முடிந்து நேராக அங்கே போனேன். புழுக்கம் தாங்காமல் நானே எழுந்து ரெகுலேட்டரைத் திருப்பினேன். அத்தை அடுப்படியிலிருந்து ஓடிவந்தார்.

"ஐயையோ, வேணாம் மாப்ள! காத்து பட்டா முட்டி புடிச்சிக்கும்!"

"யாருக்கு அத்தை?"

"உங்களுக்குத்தான். தம்பி அப்பவே சொல்லிச்சி. ஏசி காத்து பட்டா ராவெல்லாம் வலியில தூங்க மாட்டீங்களாமே. கேட்டா அண்ணனுக்குக் கௌரவக் கொறச்சலா இருக்கும், கேக்கவே கேக்காதீங்கன்னு சத்தியம் வாங்கிச்சி. நான் ஒரு பாவி, அதுவரைக்கும் தெரியாம, மாப்ள வேர்த்துப்போயி வருவாரே, எந்நேரம் வருவாரோன்னு மத்தியானத்துலேந்து ஏசியப் போட்டு வெப்பேன்."

அப்போதுதான் எல்லாம் விளங்கியது. நான் மீட்டர் பார்க்கப் போகப்போகத்தான் மீட்டர் ஓடியிருக்கிறது. அது என் தப்பல்ல. ஏசி வேண்டுமென்று நான் ஒருநாளும் கேட்கவில்லை. சோலார் போட்டிருந்தால் இதைவிடக் குறைந்திருக்கும் என்பதையும் இன்றைக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன். ஆனால் நீ கண்டுபிடித்துவிட்டாய். என் முகத்துக்கு நேரே சொல்லி என்னைக் கூனிக்குறுக வைத்திருக்கலாம். சொல்லவில்லை. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. அதிலும் நீயே ஒருபடி மேலே.

எனக்கு மூட்டுவலியே கிடையாது என்று சொல்ல வாயெடுத்தேன். சொன்னால் நாளைக்கே ஏசி ஓடும். மச்சான் மறுபடி கத்துவான். அத்தை மறுபடி அழுவார். உட்கார்ந்துவிட்டேன். வேட்டியைச் சற்று ஏற்றி, நன்றாயிருக்கும் முழங்காலில் தைலத்தைத் தேய்த்தேன். எந்தக் கால் என்று அத்தையிடம் சொல்லிவைத்தாயோ, தெரியாது. வலது காலை எடுத்துக்கொண்டேன்.

புறப்படும்போது வாசல்படியில் கொஞ்சம் நொண்டினேன். பின்னாலிருந்து குரல் வந்தது.

"பாத்து எறங்குப்பா."

மாப்ள இல்லை. இறங்குங்க இல்லை. அத்தை தான் சொன்னதை உணரவேயில்லை, கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டார். நான் தெருவில் நின்றுவிட்டேன். இத்தனை வருடம் உன்னிடம் மட்டும் இருந்தது அது. கடைசியில் எனக்கும் கிடைத்தது, அதையும் நீ சொன்ன பொய்யே வாங்கிக்கொடுத்தது. வயிறு எரிகிறது சகலை.

அடுத்த ஞாயிறும் போவேன். வலது கால். மறந்துவிடக் கூடாது.