சிவப்புக் கோடு போட்ட அறிவித்தல்

ஒக்டோபர் 14, செவ்வாய்

விடியலிலிருந்தே மழை. மஸ்கெலியா பஸ்ஸில் ஜன்னல் மூடாத சீட்டுத்தான் கிடைத்தது. பாதி நனைந்தபடி அலுவலகம்.

வேலை: 1. மண்சரிவு அறிவித்தல், சிங்களத்திலும் தமிழிலும். 2. போன வாரக் கடிதங்கள். 3. பிரின்டர் மை கேட்க (மூன்றாம் தடவை).

வழக்கம்போல இரண்டு மொழியிலும் போன வருடத்து அறிவித்தலைத் திறந்து திகதியை மட்டும் மாற்றினேன். இங்கே எல்லா அறிவித்தலும் அப்படித்தான் பிறக்கிறது. ஆனால் போன வாரம் புது மென்பொருள் போட்டார்களே, அதிலிருந்து தமிழ்ச் சொல் ஒவ்வொன்றின் கீழும் சிவப்புக் கோடு. பி.லி. (பிரதம லிகிதர், தமிழ் வாசிக்கத் தெரியாது) திரையைப் பார்த்தார். "நங்கி, மே ஒக்கொம வெரதினே!" எல்லாம் பிழையாம். பிழை மெசினில்தான் என்று சிங்களத்திலேயே சொன்னேன். கேட்டால்தானே. சிங்களத் தாளுக்கு மட்டும் கையெழுத்து.

யாருக்கு அந்த அறிவித்தல்? தேயிலைத் தோட்டத்துக் கீழ்ப்பிரிவு ஆறு லயத்துக்கு, அந்த வரிசை வீடுகளுக்கு. ஒன்றில் என் அம்மா. மழை கூடினால் எங்கே ஓடுவது என்று அவர்களுக்குத் தெரிய வேண்டாமா? அங்கே சிங்களம் வாசிக்கிறவர்களை விரல் விட்டு எண்ணலாம்.

பியோன் ராசையா அண்ணன்: "அந்தக் கோடு வராம நிப்பாட்டிரலாமாமே தங்கச்சி? ஒரு டிக்க எடுத்தா போதுமாம்."

போதும்தான். நான் ஏன் நிறுத்த வேண்டும்? இங்கிலீசுக்கு ஒழுங்காகப் பிழை பார்க்கிறதல்லவா? தமிழுக்கும் பார்க்கட்டும். திருத்தாமல் விடமாட்டேன்.

15, புதன்

மழை விட்டு விட்டு. தடிமல், ஓயாத தும்மல்.

காரணம் பிடிபட்டது! கை தவறி எழுத்துருவை மாற்றினேன், தமிழ் முழுக்க மறைந்து இங்கிலீஷ் எழுத்துக் குப்பை. பழைய பாமினி எழுத்துருவில் அடித்தது. நம் கண்ணுக்குத்தான் தமிழ், மெசினுக்கு அது அர்த்தமில்லாத இங்கிலீஷ். கோடு போடாமல் என்ன செய்யும்? பாவம் மெசின். இத்தனை வருடம் இதைக் கட்டி அழும் நாங்கள்தான் மடையர்கள்.

யுனிகோட்டில் முழுவதும் திரும்ப அடித்தேன், பழைய தாளைப் பக்கத்தில் வைத்து, சொல்லுக்குச் சொல். பி.லி. இரண்டு தடவை எட்டிப் பார்த்து, "இன்னும் முடியலையா?"

இவர் மேல் அதிகாரியிடம் ஏச்சு வாங்கியதாகக் கேள்வி. அதற்கு நானா பொறுப்பு?

16, வியாழன்

பெருமழை. லயத்துக்குப் பின்னால் வாய்க்கால் நிரம்பி ஓடுகிறதாம், அம்மா சொன்னது. சரிவு ஒன்றும் இல்லை. இன்னும்.

யுனிகோட்டிலும் கோடு போகவில்லை, மெசினில் தமிழ் அகராதியே இல்லை. அதை என் போன் டேட்டாவில் இறக்கிப் போட்டேன். அலுவலக இணையம் வழக்கம்போல் செத்துக் கிடக்கிறது. இரண்டு தடவை பாதியில் நின்று, மூன்றாவதில் ஏறியது. இப்போது ஐந்தே சொல்லுக்குக் கோடு. லயம். பெரட்டுக்களம். வேலைக்குப் போகிறவர்கள் குழந்தைகளை விட்டுப் போகும் பிள்ளைக் காம்பரா. இன்னும் இரண்டு.

ஆத்திரம் தாங்கவில்லை. விடிந்தால் அம்மா வேலைக்குப் பேர் கொடுக்க நின்ற பெரட்டுக்களம், தமிழே இல்லையாம்! ஐந்தையும் நானே அகராதியில் சேர்த்தேன். பி.லி. வீட்டுக்குப் போய்விட்டார். நாளை.

17, வெள்ளி

காலை 9.30. திரையில் ஒரு கோடு இல்லை. பி.லி. மேலிருந்து கீழே ஒரு பார்வை. "ஆ, தென் ஹரி." இப்போது சரியாம். கையெழுத்து, முத்திரை. மூன்று நாள் பிழை பிழை என்றவர், என்ன எழுதியிருக்கிறது என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. ராசையா அண்ணன் போய் ஒட்டிவிட்டு வந்தார். பிளேன்டீ குடித்தேன், இனிப்பாக.

பி.ப. 2. அம்மா போன். ஒரே பூரிப்பு. "நீ அடிச்ச நோட்டீசுன்னு லயம் பூரா சொல்லிட்டேன்மா. மழ கூடுனா பள்ளிக்கூடத்துக்குப் போகணும்னு மூட்டையெல்லாம் கட்டி வச்சிட்டோம். பின்சுவரு வெடிச்சிருக்குன்னாங்க, இப்ப சரி பண்ணிட்டாங்க போல, என்ன?"

சரி பண்ணவில்லை. அந்தப் பள்ளிக்கூடத்தையே ஆவணியில் பூட்டினார்கள். பிள்ளைகளைக் கோயில் மண்டபத்துக்கு மாற்றச் சொல்லிக் கடிதம் அடித்ததே நான்தான். மூன்று நாள் சொல்லுக்குக் கீழே இருந்த கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன், ஒரு வரி வாசிக்கவில்லை. சிங்களத் தாளை எடுத்துப் பார்த்தேன். அதிலும் பள்ளிக்கூடம். அதை வாசிக்கத் தெரிந்தவர்தானே கையெழுத்துப் போட்டார்!

அம்மாவிடம் கத்தினேன், கோயில் மண்டபத்துக்குப் போங்க என்று. "நான் போயிருவேன்மா. மத்த லயத்துல நான் சொன்னா கேப்பாங்களா? அதுல முத்திர குத்தியிருக்கே."

பி.லி. கூட்டத்துக்குப் போய்விட்டார், திங்கள்தான் வருவாராம். கரண்டும் இல்லை. பள்ளிக்கூடம் வேண்டாம், கோயில் மண்டபத்துக்குப் போகவும் என்று மார்க்கரால் கையாலேயே பன்னிரண்டு தாள் எழுதினேன், லயத்துக்கு இரண்டு. மழை அடித்து ஊற்றுகிறது.

பி.லி. மேசை லாச்சியைத் திறந்து முத்திரையை எடுத்தேன். ராசையா அண்ணன் பார்த்துவிட்டு மைப் பெட்டியை நகர்த்தி வைத்தார். பன்னிரண்டிலும் குத்தியாச்சு. ஆட்டோ வந்துவிட்டது.